வில்லியனூர் ஸ்டேஷன், ஐந்தடிக்கு இரண்டரை அடி

போன மாதம் என்னோடு வேலை பார்த்த பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். கை கழுவப் போனவர், வழியில் உள் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சார், பேரனுக்கா?" என்றார். "இல்லை, எனக்குத்தான்" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு காபியைக் குடித்துவிட்டு, பிரஷர், சுகர் எல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போய்விட்டார்.

எழுபத்து நான்கு வயதில் ஒருவன் பொம்மை ரயில் கட்டுகிறான் என்றால் ஒரு விளக்கம் கொடுக்கத்தான் வேண்டும். நண்பரிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்தது 2020-ல், கொரோனா ஊரடங்கின்போது. வெளியே போக முடியாது. பேப்பர் வராது. பரணைச் சுத்தம் செய்யலாம் என்று ஏறியபோது ஒரு மூட்டை கிடைத்தது. பிரித்தால், அண்ணன் பல வருடங்களாக பிரான்சிலிருந்து அனுப்பிய 'லோகோ ரெவ்யூ' பத்திரிகைகள். 1937-லிருந்து அங்கே வந்துகொண்டிருக்கும் மாடல் ரயில் பத்திரிகை அது. அண்ணன் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ரெத்ரெத் வாங்கிக்கொண்டு ஒர்லேயான் பக்கத்தில் இருக்கிறார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம் என்பதால், தான் படித்து முடித்ததை எல்லாம் எனக்கு அனுப்பிவிடுவார். நானும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். மற்றதெல்லாம் மறந்தாலும் படிக்க வருகிறது. ஊரடங்கில் அந்த மூட்டை முழுவதையும் படித்து முடித்தேன்.

அதில் எனக்குப் பிடித்தவை 'வுவா எத்ருவாத்' பற்றிய கட்டுரைகள்தான். குறுகிய பாதை என்று அர்த்தம். நம் ரயில்வேயில் 'நாரோ கேஜ்' என்றால் இரண்டரை அடிப் பாதையும் இரண்டடிப் பாதையும் மட்டுமே. மீட்டர் கேஜுக்குத் தனி மரியாதை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் கணக்கு வேறு. அவர்களுடைய சாதாரண அகலமான 1435 மில்லிமீட்டருக்குக் குறைந்தது எல்லாமே அவர்களுக்குக் குறுகிய பாதைதான். அந்தக் கணக்கில் நம் விழுப்புரம் புதுச்சேரி மீட்டர் கேஜும் குறுகிய பாதை ஆகிவிடுகிறது. 1879-ல் திறந்த பாதை அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப் பாதையாக மாறும் வரை நாம் எல்லாரும் அதில்தான் போய் வந்தோம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலேயர் இந்தியாவில் போட்ட பாதைக்கு ஏன் பிரெஞ்சுக்காரன் கண்டுபிடித்த மீட்டர் அளவு வந்தது? 1870-ல் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, செலவைக் குறைக்கச் சிறிய பாதை போடலாம் என்று முடிவானது. அந்தச் சமயம் இந்தியாவில் மெட்ரிக் அளவைக் கொண்டுவரவும் யோசனை இருந்தது. அதனால் பாதையை ஒரு மீட்டர் என்று வைத்துவிட்டார்கள். மெட்ரிக் அளவு நமக்கு வர சுதந்திரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாதை மட்டும் முன்னாலேயே வந்துவிட்டது.

சரி, கட்டுவது என்றால் எந்த இடத்தைக் கட்டுவது? எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. வில்லியனூர் ஸ்டேஷன். நான் பிறந்து வளர்ந்த ஊர். வடக்கே மலை ரயில், குகை, பாலம் என்று கட்டினால் பார்ப்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். எங்கள் ஊர்ப் பாதையில் மலையும் கிடையாது, குகையும் கிடையாது. ஒரு பிளாட்பாரம், ஒரு ஓட்டுக் கட்டடம், ஒரு பக்கப் பாதை, அதன் ஓரம் கூட்ஸ் ஷெட், சுற்றிலும் பனை மரம். அவ்வளவுதான்.

முதலில் அளவுக் கணக்கு. நான் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். கணக்குச் சரியாக இல்லாமல் ஒரு ஆணி அடிக்க மாட்டேன். உலகத்தில் சுலபமாகக் கிடைக்கும் சின்ன மாடல் தண்டவாளம் 'என்' கேஜ் என்பது. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 9 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் 120-ல் ஒரு பங்காகச் செய்தால், அந்த 9 மில்லிமீட்டர் 1080 மில்லிமீட்டராகக் கணக்காகும். மீட்டர் கேஜுக்கு எட்டு சென்டிமீட்டர்தான் அதிகம். கண்ணுக்குத் தெரியாது. ஐரோப்பாவில் இதற்கென்றே ஒரு தரம் வைத்திருக்கிறார்கள். ஆக, ஐந்தரை அடி மனிதர் பதினான்கு மில்லிமீட்டர். ஒரு அரிசியைவிட இரண்டு மடங்கு உயரம்.

எஞ்சின்தான் பெரிய பிரச்சினை. விழுப்புரத்தில் நான் வாய் பிளந்து பார்த்தது ஒய்.பி. எஞ்சின்களை. ஒய் என்றால் மீட்டர் கேஜ், பி என்றால் பாசஞ்சர். மொத்தம் 871 கட்டினார்கள், நிறைய ஜாம்ஷெட்பூர் டெல்கோவில். அதை இந்த அளவில் வாங்க எனக்கு வழி கிடைக்கவில்லை. அண்ணன்தான் போனில் ஒரு யுக்தி சொன்னார். ஜப்பானில் பாதை 1067 மில்லிமீட்டர். அவர்களும் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் மாடல் ஓட்டுகிறார்கள், ஆனால் 150-ல் ஒரு பங்கு அளவில். அவர்களுடைய சி 57 என்ற எஞ்சினின் பெரிய சக்கரம் நிஜத்தில் 1750 மில்லிமீட்டர், மாடலில் 11.7. ஒய்.பி.யின் சக்கரம் நிஜத்தில் 1372, என் அளவில் 11.4. "சக்கரம் ஒண்ணுதான்டா. மேல இருக்கிற சட்டையைக் கழட்டிட்டு நம்ம சட்டையைப் போடு" என்றார். அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் அந்த ஜப்பான் எஞ்சினைக் கொடுத்தனுப்பினார்.

சட்டை தைக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. பாய்லருக்கு ஒரு தடித்த மார்க்கர் பேனாவின் குழாய். டிரைவர் நிற்கும் இடத்துக்கும் டெண்டருக்கும் காலாவதியான ஏ.டி.எம். கார்டுகள். முக்கால் மில்லிமீட்டர் கனம், வெட்டினால் சுத்தமாக வெட்டுப்படும். ஓய்வு பெற்றவன் வீட்டில் காலாவதியான கார்டுக்குப் பஞ்சமா?

பலகை ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம். பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் ரீப்பர் சட்டம். முதல் பலகையில் சட்டம் போடாமல் விட்டேன். ஐப்பசி மழையில் அது அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. நம் கடற்காற்றை நம்பி எதையும் செய்யக்கூடாது. ஐந்தடியை 120-ஆல் பெருக்கினால் அறுநூறு அடி. நிஜ ஸ்டேஷன் இதற்குள் அடங்காது. நீளத்தைச் சுருக்கினேன், ஆனால் எதற்குப் பக்கத்தில் எது என்ற வரிசையையும் இடைவெளியையும் மாற்றவில்லை.

வளைவிலும் கொஞ்சம் பொய் சொல்லித்தான் ஆகவேண்டும். என் வளைவின் ஆரம் 28 சென்டிமீட்டர். நிஜத்தில் அது 34 மீட்டர். மீட்டர் கேஜில் அனுமதித்த மிகக் கடுமையான வளைவே 109 மீட்டர். என் வளைவைப் பார்த்தால் எந்த இன்ஸ்பெக்டரும் ரயிலை விடமாட்டார். அதனால் இரண்டு கோடியிலும் பனந்தோப்பு வைத்து வளைவை மறைத்தேன். பெட்டியும் பதினாறு சென்டிமீட்டர் வரவேண்டும், வளைவில் ஒன்றோடு ஒன்று முட்டியது. பதினான்காகக் குறைத்தேன்.

பனை மரத்துக்கு விளக்குமாற்று ஈர்க்குச்சி, பச்சைச் சாயம் போட்ட தேங்காய் நார். மண், வில்லியனூர் மண்ணே. பஸ்ஸில் போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய எடுத்து வந்து, வெயிலில் காயவைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்தேன். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் மண்மேல் விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை மண்ணில் இறங்காமல் முத்து முத்தாக நிற்கும். இது 'லோகோ ரெவ்யூ' சொல்லித் தந்தது.

பத்திரிகை சொல்லித் தராதது ஒன்று. கூட்ஸ் ஷெட்டை நான் அட்டையில் செய்து, சிக்கனமாக மைதா பசை போட்டு ஒட்டினேன். ஒரு வாரத்தில் கரப்பான்பூச்சி கூரையைத் தின்றுவிட்டது. மறுபடி கட்டும்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஆபீசில் ரெக்கார்டு பைண்டிங் செய்பவர் பசையில் மயில்துத்தம் கலப்பார், பூச்சி அண்டாது. துத்தம் கலந்து இரண்டாவது ஷெட்டைக் கட்டினேன். இன்றுவரை நிற்கிறது. இந்த ஷெட்டைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. பின்னால் வருகிறேன்.

மூன்று வருடம் போனது. ரயில் ஓடியது. என் வீட்டம்மா பார்த்துவிட்டு, "ஸ்டேஷன்ல ஒரு மனுஷன் இல்லையே, ஊரடங்கு இன்னும் முடியலையா?" என்றாள். சரிதான். மனிதர்களை வைக்க வேண்டும். அதற்கு முன் ஒரு நாளை முடிவு செய்ய வேண்டும். மாடல் கட்டுகிறவர்கள் இதில் கண்டிப்பானவர்கள். எந்த வருடம் என்று சொல்லிவிட்டால், அந்த வருடத்துக்குரிய பெட்டியும், உடுப்பும், சுவரில் ஒட்டிய நோட்டீசும்தான் இருக்கலாம்.

நான் எடுத்துக்கொண்ட நாள், 1963 மார்ச் மாதத்தில் ஒரு காலை. அண்ணன் ஊரை விட்டுப் போன நாள்.

என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு அந்த வருடத்தை விளக்க வேண்டியதில்லை. 1954 அக்டோபரில் எங்கள் ஊருக்குப் பக்கத்துக் கீழூரில் ஓட்டெடுப்பு நடந்து, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 ஆட்சி கைமாறியது. ஆனால் சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடிமகனாகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். 'ஒப்சியோன்' என்று நாம் சொல்வது அதைத்தான். எழுதிக் கொடுக்காதவர்கள் தானாகவே இந்தியர். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் அப்பா எப்படியோ அப்படி.

அப்பா வில்லியனூர் மேரியில் எழுத்தராக இருந்தார். கீழூர் ஓட்டெடுப்பு அவருக்கு வீட்டுக் கல்யாணம் மாதிரி. ஒப்சியோன் பேச்சை வீட்டில் எடுக்கவே விடமாட்டார். எனக்குப் பதினொன்று முடிந்திருந்தது, என் விஷயத்தில் கேள்வியே இல்லை. அண்ணனுக்குப் பத்தொன்பது. அவர் யாரிடமும் சொல்லாமல் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பட்டாளத்தில் சேர மனுவும் கொடுத்திருந்தார். விஷயம் அப்பாவுக்கு மேரியில்தான் தெரிந்தது, அதுவும் வேறு ஒருவர் சொல்லி. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அண்ணனோடு அதற்குப் பிறகு பேசவில்லை. திட்டவும் இல்லை.

கிளம்பும் நாள் காலை, அப்பா எப்போதும்போல் குடையை எடுத்துக்கொண்டு, "மேரிக்குப் போறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாடி. அம்மா, நான், சித்தப்பா மூன்று பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அண்ணன் விழுப்புரம் போய், அங்கிருந்து மதராஸ், பம்பாய், கப்பல். அம்மா ஒரு தூக்கில் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். புதுச்சேரிப் பக்கமிருந்து வண்டி வந்தது. அண்ணன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் ஸ்டேஷன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியும் கடைசி நிமிஷத்தில் அப்பா வந்துவிடுவார் என்று நினைத்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் பச்சைக் கொடி காட்டினார். வண்டி கிளம்பி, கூட்ஸ் ஷெட்டைத் தாண்டிப் போய்விட்டது. அப்பா வரவில்லை.

அந்தக் கோபம் எனக்குப் போகவே இல்லை. பெற்ற பிள்ளை கடல் தாண்டிப் போகிறான், பத்து நிமிஷ நடை தூரத்தில் இருக்கும் ஸ்டேஷனுக்கு வர ஒரு மனுஷனுக்கு மனசு இல்லை. அண்ணனுக்கு எழுதும் கடிதங்களை அம்மா சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "அப்பா ஏதாவது எழுதணுமா?" என்று நான் கேட்டதில்லை. அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். "சாப்பிட்டியா?" "ம்." "பரீட்சை எப்ப?" "திங்கள்." அப்படியே ஆறு வருடம். 1969-ல் அப்பா போய்விட்டார். அண்ணன் முதல் முறை லீவில் ஊருக்கு வந்தது 1972-ல்.

இப்போது மறுபடி பலகைக்கு வருகிறேன். மனிதர்களைத் தீக்குச்சியில் செதுக்கினேன். அம்மாவின் சேலை, டிஷ்யூ பேப்பரில் சாயம் போட்டது. சித்தப்பாவுக்கு வெள்ளை வேட்டி. ஸ்டேஷன் மாஸ்டர் கையில் கடுகளவு பச்சைக் கொடி. அரைக்கால் சட்டையோடு நான், வாசலைப் பார்த்தபடி. ஜன்னலில் அண்ணன். கூட்ஸ் ஷெட் ஓரம் பக்கப் பாதையில் இரண்டு மூடு வேகன்கள். அங்கே எப்போதும் இரண்டு நின்றுகொண்டிருக்கும். ஷெட்டுக்கு அந்தப் பக்கம், விழுப்புரம் திசையில், ஒரு பெரிய வேப்பமரம். எல்லாம் முடித்து, ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பினேன்.

அன்று ராத்திரி கூப்பிட்டார். எண்பதைத் தாண்டியவர், குரல் மட்டும் இன்னும் பட்டாளத்துக் குரல்.

"ரொம்ப நல்லா வந்திருக்குதுடா தம்பி. அந்த ஷெட்டு, வேகனு, எல்லாம் அப்படியே. அம்மா கையில தூக்கு கூட வெச்சிருக்கியே. அப்பா எங்க?"

"அப்பா வரலையேண்ணே."

போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"வந்தாருடா. அந்த வேப்பமரத்துக்கிட்ட நின்னாரு. ஷெட்டுக்கு அந்தாண்ட. குடை பிடிச்சிக்கிட்டு."

"நான் பாக்கலையே."

"உங்களோட வந்துட்டு, கோவத்துல தள்ளிப் போய் நிக்கிறாருன்னுதான் நான் நெனச்சேன். உனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்."

"கை ஏதாவது காட்டினாரா?"

"இல்ல. என் பெட்டி கிட்ட வந்ததும் குடையை மடக்கினாரு. அந்த வெயில்ல. அவ்ளோதான். அப்புறம் வண்டி திரும்பிடுச்சு."

அன்று இரவு நான் தூங்கவில்லை. எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்த புத்தி. வயதான காலத்தில் தம்பி மனசு ஆறட்டும் என்று அண்ணன் சொல்கிறாரோ? அறுபது வருடத்துக்கு முந்தைய விஷயம், அவருக்கே குழப்பமோ? ஸ்டேஷனில் நின்ற எனக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்?

விடியற்காலையில் எழுந்து விளக்கைப் போட்டேன். ஒரு தீக்குச்சியை அளவாக வெட்டி, வேப்பமரத்தடியில், ஷெட் சுவரை ஒட்டி நிறுத்தினேன். என் செல்போனைத் தலைகீழாகப் பிடித்தால் கேமரா கண் கீழே வந்துவிடும். அதைப் பிளாட்பாரத்தில், அரைக்கால் சட்டைப் பையன் நிற்கும் இடத்தில் வைத்து, விழுப்புரம் பக்கம் திருப்பிப் படம் எடுத்தேன். வேகன்கள் தெரிந்தன. ஷெட்டின் சுவர் தெரிந்தது. மேலே வேப்பமரத்தின் தலை தெரிந்தது. தீக்குச்சி தெரியவில்லை. அம்மா நின்ற இடத்தில் வைத்து எடுத்தேன். தெரியவில்லை. பிளாட்பாரத்தின் கோடி வரை நகர்த்தினேன். எங்கிருந்தும் தெரியவில்லை.

பிறகு அண்ணன் இருந்த பெட்டியை எடுத்துவிட்டு, அந்த ஜன்னல் உயரத்தில் போனைப் பிடித்து, வீடியோவைப் போட்டு, தண்டவாளத்தின் மேலேயே மெதுவாக நகர்த்தினேன். வேகன் போனது, இன்னொரு வேகன் போனது, ஷெட்டின் சுவர் நீளமாகப் போனது. சுவர் முடிந்ததும் தீக்குச்சி நின்றது. மிகவும் பக்கத்தில். கை நீட்டினால் தொடலாம் போல.

மாடல் ரயில் ஒரு சாட்சி அல்ல. அப்பா அங்கே நின்றார் என்று அதனால் சொல்ல முடியாது. அளவுகூட என் நினைவிலிருந்து எடுத்ததுதான். ஆனால் 'அப்பா வரவில்லை' என்று சொல்ல நான் நின்ற இடம் போதாது என்பதை அது காட்டிவிட்டது. ஷெட்டை அங்கே கட்டியவன் நான்தான். ஒன்றுக்கு இரண்டு முறை கட்டினேன். அதற்குப் பின்னால் ஒருவர் நிற்க இடம் இருக்கிறது என்று ஒரு முறையும் தோன்றவில்லை. வாசல் வழியாக வந்தால்தான் வந்தது என்று பன்னிரண்டு வயதுகூட ஆகாதவன் ஒரு முடிவு எழுதினான். அதை மறுபரிசீலனை செய்யாமல் அறுபது வருடம் நான் வைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசில் ஒரு ஃபைலை அப்படி வைத்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

காலையில் ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பினாரே, அது ஏன் என்றும் அப்போதுதான் யோசித்தேன்.

அப்பாவைச் செய்ய எனக்கு இரண்டு வாரம் ஆனது. கண் முன்போல் இல்லை, கை நடுக்கம் வேறு. மூன்று தீக்குச்சி வீணானது. வெள்ளைச் சட்டை, வேட்டி. குடைக்கு ஒரு குண்டூசியைக் கறுப்படித்து, மடக்கிய குடையாகக் கையில் ஒட்டினேன். போட்டோ அனுப்பினேன். அண்ணன் பார்த்துவிட்டு, "தப்புடா. வண்டி இன்னும் பிளாட்பாரத்துல நிக்குது. குடை விரிஞ்சில்ல இருக்கணும்?" என்றார். மாடல்காரர்களிடம் இதுதான் தொல்லை. "வண்டி ஓடும்போது பாருங்கண்ணே, அப்ப சரியா இருக்கும்" என்றேன்.

அண்ணனுக்கு இப்போது முட்டி போய்விட்டது. விமானம் ஏற டாக்டர் விடுவதில்லை. அதனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அங்கே மதியச் சாப்பாடு முடிந்த நேரத்தில், வீடியோ காலில் வருவார். நான் வண்டியை விடுவேன். நிலையத்தை விட்டுக் கிளம்பியதும், "ஷெட்டுக்கிட்ட மெதுவா விடு" என்பார். தினமும் இதைச் சொல்வார்.

மெதுவாக விடுவது அத்தனை சுலபம் இல்லை. எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக ஏறுகிறது. வேகமாகப் போனால் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் தாண்டிவிடும். மெதுவாகப் போனால் ஒரு புள்ளி அழுக்கிலும் நின்றுவிடும். நம் கடற்காற்றுக்கு ஒரு நாளில் தண்டவாளம் மங்கிவிடுகிறது. அதனால் ஐந்தே முக்காலுக்கு உட்கார்ந்து, மெல்லிய துணியில் ஸ்பிரிட் தொட்டு, ஷெட்டிலிருந்து வேப்பமரம் வரைக்கும் இருக்கிற அந்த ஒரு சாண் தண்டவாளத்தைத் துடைத்து வைக்கிறேன்.